விரிசலையும் கட்டியிருக்கிறார்கள்

2018 ஜூனில் ஜெர்மனியின் மூனிக் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அவள் என்னை 17ஆம் எண் டிராமில் நிம்ஃபன்பர்க் அரண்மனைக்கு அழைத்துப் போனாள். அரண்மனை மிகப் பெரியது. என் மனம் ஒட்டியது அதன் பின்னால், சுமார் 180 ஹெக்டேர் பூங்காவின் மரங்களுக்குள் தள்ளித் தள்ளி நிற்கும் நான்கு சிறிய மாளிகைகளில். அரச குடும்பம் ஓய்வுக்கும் தனிமைக்கும் கட்டிக்கொண்டவை. கட்டடப் பராமரிப்பில் 32 வருடம் கழித்த எனக்கு, கொத்தனாரின் கையை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேறெங்கும் வாய்த்ததில்லை.

முதலில் அமாலியன்பர்க். 1734 முதல் 1739 வரை பிரான்சுவா தெ கூவியே கட்டிய வேட்டை மாளிகை. நடுவில் வட்டமான கண்ணாடி அறை. வெளிர்நீலச் சுவரில் வெள்ளி பூசிய சுதை வேலை, யோஹான் பாப்டிஸ்ட் சிம்மர்மன் செய்தது. பொன் பூசாமல் வெள்ளியைத் தேர்ந்தவரை நான் வணங்குகிறேன். ஜன்னல் வழியே வரும் பச்சை வெளிச்சத்தை அந்த வெள்ளி வாங்கிக்கொள்கிறது. பக்கத்து அறையில் துப்பாக்கி அலமாரிகள், அவற்றுக்குக் கீழே வேட்டை நாய்கள் படுக்கச் சின்னச் சின்ன மாடங்கள். நாய்க்கும் அளவெடுத்து இடம் கட்டியிருக்கிறார்கள்.

பாடன்பர்க் குளியலுக்கென்றே எழுந்த மாளிகை. 1718இல் வேலை தொடங்கியது. குளத்தின் அளவு 8.70 மீட்டருக்கு 6.10, ஆழம் 1.45. மனக்கணக்கில் 77,000 லிட்டர் வந்தது. அவ்வளவு நீரையும் அந்தக் காலத்தில் விறகு எரித்துச் சூடாக்கியிருக்கிறார்கள். ஒரு குளியலுக்கு எத்தனை பேர் விறகு சுமந்திருப்பார்கள் என்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். பாகோடன்பர்க்கில் நீலமும் வெள்ளையுமான டச்சு ஓடுகள் அழகு. ஆனால் கால் வலித்ததால் அங்கே சீக்கிரம் முடித்துக்கொண்டோம்.

கடைசியாக மக்தலேனன்கிளாவுசே. தூரத்திலிருந்து பார்த்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தை, "இதை யாரும் பராமரிக்கவில்லையா?" என்பதுதான். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. சுவரில் விரிசல்.

"அப்பா, அப்படியேதான் கட்டினார்களாம்" என்றாள் மகள்.

பவேரியாவை ஆண்ட மாக்ஸ் எமானுவேல், உலக ஆடம்பரம் நிலையற்றது என்று தனித்திருந்து சிந்திக்க இதை எழுப்பச் சொன்னார். 1725இல் வேலை தொடங்கியது. கட்டியவர் ஜோசப் எஃப்னர். பாடன்பர்க்கைக் கட்டியவரும் அவரே. ஆனால் மாக்ஸ் எமானுவேல் 1726 பிப்ரவரியில் இறந்துவிட்டார். 1728இல் அதைப் புனிதப்படுத்தி வழிபாட்டுக்குத் திறந்தவர் பேராயரான அவருடைய மகன் கிளெமென்ஸ் ஆகஸ்ட். உள்ளே சிப்பியும் சுதையும் பதித்த குகைக் கோயில்.

நான் உள்ளே போகவே நேரமானது. உண்மையான விரிசல் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் மூலையில் பிறக்கும், செங்கல் இணைப்பைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகச் சாய்வாக ஏறும். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதிவிட்டு வருவோம். அடுத்த முறை போகும்போது கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அந்தக் கண்ணாடியைப் பார்க்கப் போகும் காலை வேளைகளில் எத்தனையோ முறை எனக்கு வயிறு கலங்கியிருக்கிறது.

இங்கே ஒருவர் தூக்குக்குண்டு பிடித்து நேராக எழுப்பிய சுவரில், விழப்போவதுபோல் விரிசலை வைத்திருக்கிறார். விழும் சுவர்களை நன்றாக அறிந்தவரால்தான் அது முடியும். வாழ்நாள் முழுவதும் விரிசல் வராமல் கட்டப் பாடுபட்டவரிடம், இந்த ஒரு முறை விரிசலைக் கேட்டிருக்கிறார்கள். அவர் பெயர் எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை.

"எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், அப்பா."

"ஒரு நிமிடம் இரு, அம்மா" என்று சொல்லி, டைரியை எடுத்து அந்த விரிசலை மேலிருந்து கீழ்வரை பென்சிலால் வரைந்துகொண்டேன். பக்கத்தில் பழக்கத்தில் தேதியையும் எழுதினேன்.