லூர்து மாதா 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டார்

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சு இல்லை, வலது கையும் காலும் அசையாது. பிரான்ஸில் லூர்து நகரில் மாதா காட்சி கொடுத்த குகைக்கு, லூர்து மாதா கெபிக்கு, அழைத்துப் போக வேண்டும் என்று இரண்டு வருடமாக வேண்டிக்கொண்டிருந்து, ஒருவழியாகப் போய்வந்தோம். குணம் கேட்டுத்தான் போனேன்.

அங்கே நோயாளிகளுக்குத்தான் முதலிடம். பவனியில் அவர்கள் முன்னால் போக, நல்ல கால் உள்ளவர்கள் ஒதுங்கி வழிவிட்டு நிற்கிறார்கள். மேலே கூரை மடிப்பு வைத்த நீல வண்டியில் ஒருவரை உட்காரவைத்து, முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள, வரிசை வரிசையாகப் போகிறது. இதைச் செய்கிறவர்கள் சொந்தச் செலவில் வந்து தங்கி உழைக்கும் தொண்டர்கள். அவர்களுடைய அமைப்பு 1885-இல் தொடங்கியது.

எங்களிடம் வந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நேராக அம்மா முன்னால் முழங்காலிட்டு, வண்டியைக் காட்டி, போகலாமா என்பதுபோல முகத்தைப் பார்த்தார். அவங்களுக்குப் பேச்சு வராது, என்னிடம் கேளுங்கள் என்று சொன்னேன். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடியும் அம்மா பக்கமே திரும்பிக்கொண்டார், காத்திருந்தார். அம்மாவுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா, நடுவில் இரண்டு தடவை நானே பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் அம்மா தலையசைத்தார்.

சாப்பிட்டாங்களா? சாப்பிட்டாங்க. வலிக்குதா? இல்லை. இரண்டு வருடமாக எல்லாவற்றுக்கும் நானே பதில். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது எதிலும் குறை வைக்கவில்லை, ஆனால் அம்மாவை ஒன்றுமே கேட்கவில்லை.

1858-இல் மாதா காட்சி கொடுத்தபோது, அதைக் கண்ட பெர்னதெத் என்ற சிறுமிக்கு 14 வயது. ஆஸ்துமாக்காரி, எழுதப் படிக்கத் தெரியாது, பழைய சிறைக்கொட்டடி ஒன்றில் குடும்பமே ஒற்றை அறையில் இருந்தது. பிப்ரவரி 18 அன்று மாதா அந்தப் பிள்ளையிடம், அவள் வீட்டில் பேசிய அதே வட்டார மொழியில், பதினைந்து நாள் இங்கே வர தயவு செய்வீர்களா என்று கேட்டார். 'வா' என்று சொல்லவில்லை, 'வருவீர்களா' என்று மரியாதையாகக் கேட்டார். இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், அந்த 'நீங்கள்' அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது.

மாற்கு நற்செய்தியில் நாலு பேர் கூரையைப் பிரித்து ஒரு முடக்குவாதக்காரரை இறக்குவார்களே, அதையும் கெபிக்கு முன்னால் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். தூக்கி வந்தவர்களுடைய விசுவாசத்தை இயேசு பார்த்தார், சரி. ஆனால் அவர் பேசியது படுத்திருந்தவரிடம். 'மகனே' என்று அவரைத்தான் கூப்பிட்டார்.

மறுநாள் ஊற்று நீரைத் தொண்டர்கள் கையில் ஊற்றினார்கள். அம்மாவின் முகத்தை நான் துடைக்கப் போனேன், இடது கையால் அவரே துடைத்துக்கொண்டார். கால் அசையவில்லை, பேச்சும் வரவில்லை. அழுதேன்.

இரவு 9 மணிக்கு மெழுகுதிரி பவனி. ஆவே மரியா என்று பாடும் ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான திரிகள் மேலே போகின்றன, அம்மாவின் இடது கையும் போனது, ஒரு தடவைகூட விடவில்லை. முடிந்ததும் குளிர் தாங்காமல் அறைக்குத் திருப்ப வண்டியில் கை வைத்தவன், எடுத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

"போகலாமாம்மா?"

நேரம் எடுத்துக்கொண்டார். கெபி இருந்த பக்கம் பார்த்தார், இல்லை என்று தலையாட்டினார். சால்வையை இழுத்து மூடிவிட்டு நானும் அங்கேயே இருந்தேன்.