யாரோ வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன்

தம்பி பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்தபோது அம்மா வேண்டிக்கொண்டது ஒரே ஒரு சாமியிடம்தான். சிக்கல் சிங்காரவேலர். எங்கள் வீட்டுக்கு நல்லது கெட்டது எல்லாம் அவர்தான். மற்ற இரண்டு வேண்டுதலும் நாங்கள் வேண்டியதல்ல. ஐசியு வாசலில் பாய் விரித்துக் கிடந்த நாட்களில் மற்றவர்கள் எங்களுக்காக வேண்டிக்கொண்டவை.

ஒருவர் கூத்தாநல்லூர்ப் பக்கத்து அம்மா. அவருடைய கணவர் தம்பிக்கு அடுத்த கட்டில். கணவருக்காக நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டவர், "உங்க புள்ளைக்கும் சேத்து எஜமான்கிட்ட கேட்டுட்டேன்க்கா. எழுந்ததும் வெள்ளியில ஒரு தலை வாங்கிப் போட்டுடுங்க" என்றார். இன்னொருவர் வார்டு ஆயாம்மா. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் மாரியம்மன் டாலர், முந்தானை முடிச்சில் வேளாங்கண்ணித் தைலம். தம்பி நெற்றியில் ஒரு சொட்டுத் தடவிவிட்டு, "இவன் வந்து முட்டி போட்டு நடப்பான்னு மாதாகிட்ட சொல்லிட்டேன். என் வாக்கைப் பொய்யாக்கிடாதீங்க" என்று மிரட்டுகிற குரலில் சொன்னார்.

தம்பி எழுந்துவிட்டான். கூத்தாநல்லூர் அம்மாவின் கணவர் எழவில்லை.

எங்களுக்கு மன்னார்குடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து, திருவாரூரில் மாறி, சிக்கலில் இறங்கும்போது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அம்மா மடியில் மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே மூன்று ஒரு ரூபாய்க் காசு. "இதுல எது எந்தச் சாமிக்கும்மா?" என்று தம்பி கேட்டான். "எல்லாம் ஒரே முடிச்சுதான், பேசாம வாடா" என்றாள்.

கீழே நவநீதேஸ்வரரை நினைத்துக் கும்பிட்டுவிட்டுக் கட்டுமலைப் படி ஏறினோம். கூட்டமே இல்லை. ஐப்பசி சஷ்டி விழாவில் வந்திருந்தால் கால் வைக்க இடம் கிடைத்திருக்காது. சூரசம்ஹாரத்துக்கு முந்தைய நாள்தான் சிங்காரவேலர் அம்மன் வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்குவார், திருமேனி முத்து முத்தாக வியர்க்கும், குருக்கள் பட்டுத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருப்பார். சூரன் மேல் உள்ள கோபத்தில் வியர்க்கிறது என்பார்கள். அம்மாவுக்கு வேறு கணக்கு. "புள்ளையைச் சண்டைக்கு அனுப்புறவளுக்குத்தான் வேர்க்கணும். அவ வேர்வையைத்தான் இவன் வாங்கிக்கிறான்" என்றாள். பாலாபிஷேகம் ஆனது. விபூதி வாங்கித் தம்பியின் தையல் தழும்பு மேல் பூசினாள். இங்கே எனக்குச் சொல்ல வேறொன்றுமில்லை. நிறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

நாகப்பட்டினத்தைத் தாண்டும்போது எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு வரும். இந்த ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன் கடாரத்து அரசன் பெயரில் சூடாமணி விகாரம் என்று ஒரு புத்தப் பள்ளி இருந்தது. பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜன், தான் கும்பிடுவது சிவனாக இருந்தும், அடுத்தவர் கும்பிடும் புத்தருக்காக இந்தப் பக்கத்து ஆனைமங்கலத்தின் வருமானத்தை எழுதி வைத்தான். அவன் மகன் ராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் உறுதி செய்தான். ஹாலந்து நாட்டு லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்து, லெய்டன் செப்பேடு என்று பெயர் வாங்கியது அதுதான். மிஞ்சியிருந்த ஒரு கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். நாகூருக்குப் போனாலும் அடுத்தவர் கும்பிடும் இடத்துக்குக் கொடுத்த கதைதான். தர்காவில் உயர்ந்து நிற்கும் பெரிய மனோரா, 131 அடி, தஞ்சாவூர் மராத்திய ராஜா பிரதாப சிங் கட்டியது. அவருக்கும் முன்னால் தஞ்சாவூரை ஆண்ட அச்சுதப்ப நாயக்கருக்குத் தீராத நோய். ஊசி குத்திய புறா ஒன்றைக் கண்டுபிடித்து, ஊசிகளைப் பிடுங்கி, சாகுல் ஹமீது ஆண்டவர் அரசரைக் குணப்படுத்தினார் என்பார்கள். அதனால்தான் இன்றைக்கும் அங்கே புறா விடுகிறார்கள்.

இடையில் ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒருவன் தட்டை நீட்டி, "வரிசையே வேணாம்மா, நேரா உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று அம்மா கையைப் பிடிக்காத குறையாகப் பின்னால் வந்தான். ஐந்நூறு ரூபாயில் ஆரம்பித்து நூறுக்கு இறங்கினான். வேண்டாம் என்றால் சாபம் கொடுக்கிற மாதிரி ஒரு பார்வை. அருள் எல்லா மதத்துக்கும் பொது என்கிறார்கள், தரகும் பொதுதான் போலிருக்கிறது.

நாகூரில் கடையில் வெள்ளித் தகடு கேட்டோம். கண், கை, கால், வீடு, தொட்டில் என்று கொத்துக் கொத்தாகத் தொங்கின. கட்டைவிரல் அகலத்தில் ஒரு தலை. மூக்கு சற்றுக் கோணல். "அச்சு அசல் நீதான்" என்று தம்பியைச் சீண்டினேன். ஊதுபத்திப் புகையும் ரோஜா வாசமுமாக உள்ளே போய் நின்றோம். உண்டியலில் தலையைப் போட்டாள் அம்மா. அப்புறம் கும்பிடவில்லை. கை இரண்டும் தொங்க அப்படியே நின்றாள். பின்னால் கூட்டம் நெருக்கியது, ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, அவள் அசையவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. பிறகுதான் மெதுவாகச் சொன்னாள், "அவளும்தானடி கேட்டா. ஒரே மூச்சுல ரெண்டு பேருக்கும் கேட்டா. நமக்குக் கொடுத்துட்டு அவளுக்கு இல்லேன்னா, நான் எந்த வாயால நன்றி சொல்றது?"

எனக்கு இதற்குப் பதில் தெரியாது. இப்போதும் தெரியாது.

ஓதுபவர் முன் போய் உட்கார்ந்தாள். பூவும் சர்க்கரையும் வைத்தோம். "யார் பேருக்கும்மா?" என்றார். அம்மா விழித்தாள். அத்தனை நாள் பக்கத்தில் படுத்திருந்தும் அந்த மனிதரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அந்தம்மா ஒருநாளும் கணவர் பெயரைச் சொன்னதில்லை, "எங்க வூட்டு ஆளு" என்றுதான் சொல்வார். "கூத்தாநல்லூர்க்காரர். எம் புள்ளைக்கு அடுத்த கட்டில்ல இருந்தாரு" என்றாள் அம்மா. அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை, திருப்பிக் கேட்கவுமில்லை. "அல்லாவுக்குத் தெரியும்மா" என்று சொல்லி ஓதத் தொடங்கினார். முடித்து மயிலிறகால் அம்மா தலையில் வருடியபோதுதான் அவள் உடைந்து அழுதாள். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. முருகா, ஆண்டவரே, எஜமானே என்று எது வாயில் வந்ததோ எல்லாம் சொன்னாள். ஏதோ ஒரு பெயரைச் சொல்லி நானும் அழுதேன்.

எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்று மேடையில் யாராவது பேசினால் எனக்குக் கொட்டாவி வரும். தன் புருஷன் உயிருக்குப் போராடும்போது அடுத்த கட்டில் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்டவளை நேரில் பார்த்த பிறகு, அந்தப் பேச்சை அவ்வளவு அலட்சியமாகக் கேட்க முடியவில்லை.

வேளாங்கண்ணிக்கு மாலையாகிவிட்டது. கூட்டமென்றால் கூட்டம். மலையாளம், தெலுங்கு, கொங்கணி என்று காதில் கலந்து விழுந்தது. சேலை உடுத்தி, பிள்ளையை ஏந்தி நிற்கும் ஆரோக்கிய மாதாவைத் தூரத்திலிருந்து பார்த்ததே போதும் என்றாகிவிட்டது. மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் தம்பி முட்டி போட்டான். பத்தடியில் முகம் மாறிவிட்டது. மேலே ஈரமாகத் தெரிந்தாலும் அடி மணல் நெருப்பு. முன்னால் கைக்குழந்தையோடு முட்டி போட்டுப் போன பெண் திரும்பிப் பார்த்து, தோளில் கிடந்த துண்டைக் கிழித்து இரண்டாக்கி, "கட்டிக்கங்கண்ணா, வெறும் முட்டியில போகாதீங்க" என்று நீட்டினார். தம்பி தயங்கினான். அம்மா வாங்கி அவளே கட்டிவிட்டாள். அவன் போய்ச் சேரும்வரை பக்கத்திலேயே நடந்தாள். ஆயாம்மாவின் வாக்கு பொய்யாகவில்லை. அவருக்கு ஒரு தைலக் குப்பி வாங்கிக்கொண்டோம்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அம்மா கூத்தாநல்லூருக்குப் போன் போட்டாள். நாகூர்ச் சர்க்கரை வைத்திருக்கிறேன், கொண்டுவந்து தருகிறேன் என்றாள். ஓதியதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை. மறுமுனையில் அந்தம்மாவே பேச்சை மாற்றினார் போல. அம்மா போனைத் தம்பியிடம் நீட்டினாள். ஸ்பீக்கரில்லாமலே எனக்குக் கேட்டது:

"மறுபடியும் வண்டி ஓட்டுறியாமே? ஹெல்மெட் போடுறியா இல்லையா, உண்மையைச் சொல்லு."