சைக்கோ என்ற சொல்லைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்: தொடர் கொலையாளிகள் பாடம், என் நெட் அனுபவம்

போன மாதம் வேலந்தாவளத்திலிருந்து ஒரு தங்கச்சி போனில் பேசினாள். குற்றவியல் முதுகலை முதல் வருடம் படிக்கிறாள், கூடவே நெட் என்கிற உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வுக்கும் தயாராகிறாள். “அக்கா, தொடர் கொலையாளிகள் பாடம் மட்டும் எத்தனை தடவை படிச்சாலும் மண்டையில நிக்க மாட்டேங்குதுக்கா, எல்லா வகையும் ஒண்ணு மாதிரியே தெரியுது” என்றாள். என்னையும் முதல் முறை காலை வாரியது இதே பாடம்தான். போனில் அரை மணி நேரம் சொன்னதில் பாதி விட்டுப்போனது, அதனால் உட்கார்ந்து முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

நான் கேரள-தமிழக எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரி. பன்னிரண்டு வரை தமிழ் வழி, வீட்டுக்கு வருவது மலையாளப் பத்திரிகை, முதுகலையில் புத்தகம் எல்லாம் ஆங்கிலம். நெட் கேள்வித்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். இப்படி மூன்று மொழிக்கு நடுவே படிக்கும்போது நாம் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு சொல் இருக்கிறது: சைக்கோ. செய்தியில் சைக்கோ கொலையாளி, சினிமாவில் சைக்கோ, பஸ்ஸில் யாராவது முறைத்துப் பார்த்தால் அவனும் சைக்கோ. என் குழப்பம் மொத்தமும் இந்த ஒரு சொல்லிலிருந்துதான் வந்தது என்று தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

அந்தச் சொல்லுக்குள் சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்களைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். ஒன்று சைக்கோசிஸ், அதாவது மனச்சிதைவு போன்ற நோயில் வருகிற நிலை. இல்லாத குரல் கேட்கும், நடக்காததை நடந்ததாக நம்புவார்கள், யதார்த்தத்தோடு தொடர்பு அறுந்துபோகும். இன்னொன்று சைக்கோபதி. அவருக்கு யதார்த்தம் நன்றாகவே தெரியும், அடுத்தவர் வலி மட்டும் உறைக்காது, குற்ற உணர்வு வராது, பேச்சு தேனாக இருக்கும். இதை அளக்க ராபர்ட் ஹேர் என்ற கனடா உளவியலாளர் வகுத்த பட்டியலில் 20 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 40, வட அமெரிக்காவில் பொதுவாக 30 அல்லது அதற்கு மேல் வந்தால் சைக்கோபதி என்று எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-5இல் சைக்கோபதி என்று தனி நோய்ப்பெயர் கிடையாது, சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்றுதான் இருக்கும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு தெரிந்திருக்க வேண்டும். இந்த எண்களை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள், பொருத்துக கேள்விக்கு உதவும். ஆனால் அதைவிட முக்கியம், மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் தொடுவதுகூட இல்லை என்பது. எங்கள் தெருவிலேயே மருந்து சாப்பிட்டுக்கொண்டு அமைதியாக வாழும் ஓர் அண்ணன் இருக்கிறார். ஊர் அவரைக் கூப்பிடும் பெயர் என்னவென்று உங்களுக்கே தெரியும். இதைப் படிக்கிற நாமாவது அந்த வாய்வழக்கை விட வேண்டும்.

சரி, வகைகளுக்கு வருகிறேன். ஹோம்ஸ், டிபர்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1980களில் தொடர் கொலையாளிகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: விஷனரி, மிஷன், ஹெடோனிஸ்டிக், பவர்-கன்ட்ரோல். நான் முதலில் இதை நான்கு விதமான மனிதர்கள் என்று படித்தேன், அங்கேதான் தப்பு நடந்தது. பிறகு எங்கள் சீனியர் அக்கா ஒருவர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னார்: “இந்தக் கொலையால கொன்னவனுக்கு என்ன கிடைச்சுது?” ஏதோ ஒரு குரலுக்குக் கட்டுப்பட்டதாக அவன் நினைத்தால் விஷனரி. ஒரு கூட்டத்தையே இல்லாமல் ஆக்குவது தன் வேலை என்று நினைத்தால் மிஷன். காமமோ, கிளர்ச்சியோ, நகையும் பணமும் வசதியுமோ கிடைத்தால் ஹெடோனிஸ்டிக். ஓர் உயிர் தன் கைப்பிடியில் துடிப்பதே அவனுக்கு வேண்டியதாக இருந்தால் பவர்-கன்ட்ரோல். இந்தக் கேள்வியைப் பிடித்த பிறகு எனக்குப் பாடம் தெளிந்தது.

ஒவ்வொன்றுக்கும் பாடநூல் உதாரணம் ஒன்று, அதைக் குழப்பும் உதாரணம் ஒன்று என்று சேர்த்துப் படியுங்கள். விஷனரிக்கு ஹெர்பர்ட் மல்லின். கலிபோர்னியாவில் 1972-73இல் 13 பேரைக் கொன்றவர், உயிர்ப்பலி கொடுத்தால் நிலநடுக்கம் வராது என்று நம்பியவர். பக்கத்திலேயே டேவிட் பெர்கோவிட்ஸை எழுதிக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் ஆறு பேரைக் கொன்று 1977இல் பிடிபட்டு, பக்கத்து வீட்டு நாய்க்குள் இருந்த பிசாசு சொன்னது என்றார், பின்னால் அது கட்டிச் சொன்ன கதை என்று அவரே ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தின் பீட்டர் சட்கிளிஃப் இன்னும் சிக்கல், பாலியல் தொழிலாளிகளைக் கொல்லக் கடவுள் குரல் சொன்னதாகச் சொன்னார். குரல் என்று பார்த்தால் விஷனரி, ஒரு கூட்டத்தை ஒழிப்பது என்று பார்த்தால் மிஷன். 1981இல் ஜூரி அந்த வாதத்தை ஏற்காமல் 13 கொலைக்கும் தண்டித்தது. முதுகலை வாய்மொழித் தேர்வில் என்னிடம் இவரைத்தான் கேட்டார்கள். எந்த வகை என்று ஒரே வார்த்தையில் சொல்லாமல், கொலையாளி தானே சொல்லும் காரணத்தை அப்படியே நோக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்துப் பேசினேன், தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

இங்கே சட்டத்தையும் சேர்த்தே படித்துவிடுங்கள். மருத்துவர் மனநோய் என்று சொன்னால் நீதிமன்றம் விட்டுவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மல்லினுக்கு மனச்சிதைவு இருந்தும் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. நம் நாட்டில் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 22ஆம் பிரிவு. அந்தச் செயலைச் செய்த நேரத்தில், மனநிலை பிறழ்ந்ததால், செய்வது இன்னது என்றோ அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பதுதான் கேள்வி, அதை நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கே. இதன் வேர் 1843இல் இங்கிலாந்தில் வந்த மெக்நாட்டன் விதிகள். பம்பாயில் 1968இல் பிடிபட்ட ராமன் ராகவ் வழக்கை இதோடு வையுங்கள்: மரண தண்டனை விதிக்கப்பட்டு, தீராத மனநோய் என்று மருத்துவர் குழு சொன்ன பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, 1995இல் இறந்தார்.

ஹெடோனிஸ்டிக் வகையில், பணம், நகை போன்ற வசதிக்காகக் கொல்வது என்ற உட்பிரிவுதான் நம் பக்கத்து வழக்குகளில் அதிகம் கண்ணில் படுகிறது, அமெரிக்கப் புத்தகம் மட்டும் படித்தால் இதைத் தவறவிட்டுவிடுவோம். கர்நாடகத்தின் கெம்பம்மா என்ற பெண், கோயில்களில் கவலையோடு வரும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்து, பூஜை என்று தனியே அழைத்துப்போய் சயனைடு கொடுத்து நகையை எடுத்தவர். இங்கே கேரளத்தில் கூடத்தாயி வழக்கு: 2002 முதல் 2016 வரை ஒரு குடும்பத்தைச் சுற்றி ஆறு மரணங்கள், உணவில் சயனைடு கலந்ததாக அந்த வீட்டு மருமகள் 2019 அக்டோபரில் கைது. அந்த வாரம் எங்கள் வீட்டு டிவியில் வேறெதுவும் ஓடவில்லை, அமுச்சி (எங்கள் பாட்டி) சோறு போட்டுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. ஆனால் முதுகலைத் தேர்வு விடையில் எழுதும்போது ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றுதான் எழுத வேண்டும். தீர்ப்பு வராத வழக்கை நாம் முடித்து வைக்கக் கூடாது. டெல்லி பக்கத்து நொய்டாவின் நிதாரி கொலை வழக்குகளை உதாரணமாக எழுதி மதிப்பெண் வாங்கிய காலம் ஒன்று இருந்தது, 2023இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவற்றில் பல வழக்குகளில் விடுதலை கொடுத்துவிட்டது. பழைய நோட்ஸை அப்படியே ஜெராக்ஸ் எடுக்காதீர்கள்.

இனி நான் சொல்லப்போவதை எல்லையில் வாழ்கிறவர்கள் நின்று படிக்க வேண்டும். தட்சிண கன்னடத்தைச் சேர்ந்த மோகன் குமார், ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வரதட்சணை கொடுக்க வழியில்லாத வீட்டுப் பெண்களிடம் வரதட்சணையே வேண்டாம், கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி வெளியூர் லாட்ஜுக்கு அழைத்துப் போவார். மறுநாள் காலை நகையை அறையிலேயே கழற்றி வைக்கச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்து கருத்தடை மாத்திரை என்று சயனைடைக் கொடுப்பார். அந்தப் பெண்கள் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அங்கேயே செத்துப்போனார்கள். 2003 முதல் 2009 வரை 20 பெண்கள். முதல் தண்டனை 2013இல். ஏன் இத்தனை வருடம் தெரியவில்லை? பெண் காணாமல் போனது ஓர் ஊரில், பிணம் கிடைத்தது வேறு ஊரில், அங்கே அது பெயர் தெரியாத ஒருத்தியின் மரணம், இங்கே யாருடனோ ஓடிப்போனவள் என்ற பேச்சு. அமெரிக்கக் குற்றவியலாளர் ஸ்டீவன் எகர் 1984இல் இதற்கு ‘லிங்கேஜ் பிளைண்ட்னஸ்’ என்று பெயர் வைத்தார். ஒரு காவல் எல்லையில் உள்ள தகவல் இன்னொரு காவல் எல்லையில் உள்ளதோடு சேராததால் ஒரே கை செய்தது என்று தெரியாமல் போவது.

புத்தகத்தில் இது இரண்டு வரி. நான் அதைப் படித்தது கோவை போகும் பஸ்ஸில், வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டும்போது. அரை நிமிடத்தில் காவல் நிலையம் மாறுகிறது, மாநிலம் மாறுகிறது, புகார் எழுதும் மொழி மாறுகிறது. எங்கள் பக்கத்திலிருந்து தினமும் எத்தனை பெண்கள் மில் வேலைக்கும் கடை வேலைக்கும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பவில்லை என்றால் யார் எந்த நிலையத்தில் எந்த மொழியில் எழுதிக் கொடுப்பது? அன்றைக்குத்தான் இந்தப் பாடத்தைக் கொலையாளி பக்கமிருந்து படிப்பதை நிறுத்தினேன். என் நோட்டில் பெயர், வருடம், வகை என்ற கட்டங்களோடு ‘யாரைத் தேர்ந்தெடுத்தான், அவர்களை ஏன் யாரும் தேடவில்லை’ என்று இன்னொரு கட்டம் போட்டேன். அதை நிரப்ப ஆரம்பித்த பிறகு வகைகள் தானாகவே ஞாபகத்தில் நின்றன, ஏனென்றால் யாரைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதிலேயே அவனுடைய நோக்கம் பாதி தெரிந்துவிடுகிறது.

வேகமாகச் சில விஷயங்கள். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2005இல் நடத்திய கருத்தரங்கில் தொடர் கொலைக்கு வந்த வரையறை: தனித்தனி நிகழ்வுகளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களைக் கொல்வது. 1998 அமெரிக்கச் சட்டத்தில் குறைந்தது மூன்று கொலை, இந்த இரண்டையும் மாற்றிப்போட்டுக் கேட்பார்கள். திட்டமிட்டவன், திட்டமிடாதவன் என்ற எஃப்பிஐ பிரிவு 36 கொலையாளிகளைப் பேட்டி எடுத்து உருவானது, பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கேன்டரின் குழு 2004இல் 100 கொலைகளை வைத்துப் பார்த்தபோது அப்படித் தெளிவான இரண்டு கூட்டம் கிடைக்கவில்லை. எல்லோரும் தனிமை விரும்பிகள் என்பதும் தவறு, அமெரிக்காவில் பத்துப் பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர் 2005இல் கைதாகும்போது மனைவி, இரண்டு பிள்ளைகள், தேவாலயக் குழுத் தலைவர் பதவி எல்லாம் இருந்தது. பிரிட்டன் மருத்துவர் ஹரோல்ட் ஷிப்மேன் 15 கொலைக்குத் தண்டிக்கப்பட்டார், விசாரணைக் குழு 215 பேர் என்று கண்டறிந்தது, ஏன் செய்தார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

மெக்டொனால்டு முக்கூறு பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தீ வைப்பது, விலங்குகளை வதைப்பது, இவை மூன்றும் சேர்ந்தால் பின்னால் கொலைகாரன் ஆவான் என்று வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். 1963இல் மனநல மருத்துவர் மெக்டொனால்டு பார்த்தது கொல்லப்போவதாக மிரட்டிய 100 நோயாளிகளை, தொடர் கொலையாளிகளை அல்ல. பிறகு வந்த ஆய்வுகளில் அந்தக் கணிப்பு உறுதியாக நிற்கவில்லை, வீட்டில் கொடுமை அனுபவிக்கும் பிள்ளையின் அறிகுறியாகவே இவற்றில் சிலவற்றை இன்று பார்க்கிறார்கள். என் சித்தி பையனுக்கு ஒன்பது வயது வரை படுக்கை நனையும். இப்படி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுச் சித்தி ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் செய்து அழுதார். அவனை டாக்டரிடம் காட்டினோம், அவ்வளவுதான், இப்போது பிளஸ் டூ படிக்கிறான். பாடத்தை அரைகுறையாகச் சொன்னால் ஒரு வீடு எவ்வளவு பயப்படும் என்று அன்று பார்த்தேன்.

நானும் முதல் முறை வீடியோக்களை நம்பித்தான் போனேன். எத்தனை பேர், என்ன ஆயுதம், கடைசி வார்த்தை என்ன, எல்லாம் தெரியும். கேள்விகள் வந்ததோ யார் எந்தக் கோட்பாட்டைச் சொன்னார், எந்தக் கூற்று சரி, எந்தக் காரணம் அதற்குப் பொருந்தும் என்று. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தப்புக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. அதனால் ஒன்றையும் விடாமல் குறித்துவிடுங்கள். இரண்டாம் முறை மூல ஆசிரியர், வருடம், அதை யார் எதிர்த்தார் என்று மூன்றையும் சேர்த்தே படித்தேன், உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது. ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு எதிரே தமிழில் ஒரு முழு வாக்கியமாக விளக்கம் எழுதுங்கள், ஒற்றைச் சொல் மொழிபெயர்ப்பு தேர்வு அறையில் கைகொடுக்காது.

இன்னொன்று, ராத்திரியில் இந்தப் பாடத்தைத் தொடாதீர்கள். நான் மூன்று வாரம் அப்படிப் படித்துத் தூக்கம் கெட்டு, கணவாய்க் காற்றில் தென்னை மட்டை விழுந்தால்கூட எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டேன். அப்புறம் காலை ஆறிலிருந்து எட்டுக்கு மாற்றினேன், மாலையில் புள்ளியியலும் முதல் தாளும் வைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

வேலந்தாவளம் தங்கச்சிக்கு: அந்தக் கட்டம் போட்ட நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 2023க்குப் பிறகு வந்த தீர்ப்புகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, அதை இரண்டு பேரும் சேர்ந்தே செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன், பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போன் போடு கண்ணு, நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.