புல்லணையில் படுத்தவன்

"பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் சேதுக்கரையில் தலை முழுகி, திருப்புல்லாணிப் பெருமாளுக்குப் பாயசம் படைக்கிறேன்" என்பது அத்தையின் வேண்டுதல். பேத்திக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. ஆடி மாதத்தில் ஒருவழியாகக் கிளம்பினோம்.

காலையில் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணம், அப்புறம் சேதுக்கரை, நடை சாத்துவதற்குள் திருப்புல்லாணி, சாயங்காலம் ராமேஸ்வரம் என்று திட்டம். தேவிபட்டினத்தில் கார் கதவைத் திறப்பதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் குழந்தையைப் பார்த்து, "தோஷம் இருக்கும்மா, 3,000 ரூபாயில் முடிச்சிடலாம்" என்றார். சாமியைத் தேடி வருகிறவர்களைப் பயமுறுத்தியா பிழைப்பது? வயிறு எரிந்தது. அவர்களிடமிருந்து தப்பிக்கவே ஒரு மணி நேரம் போயிற்று.

அங்கே கடல் குளம் மாதிரி கிடந்தது. சேதுக்கரையிலோ கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்று இந்தப் பக்கத்து மக்கள் சொல்வது சும்மா இல்லை. தலை முழுக முடியாமல் வேண்டுதல் குறைபட்டுவிடுமோ என்று அத்தைக்கு அழுகை. மீன்கூடையோடு போன ஒரு அம்மா நின்று, "இறங்காதீங்க ஆத்தா. இப்படிக் கரையிலயே உட்காருங்க, அதுவா வந்து நனைச்சுட்டுப் போகும்" என்றார். உட்கார்ந்த மூன்றாவது அலையிலேயே அத்தைக்கு உச்சந்தலை வரை நனைந்துவிட்டது!

திருப்புல்லாணியில் தர்ப்பசயன ராமர் முன்னால் நின்றதும் எனக்குப் பேச்சு வரவில்லை. போன வருஷம் இதே இடத்தில் நின்றபோது நான் மூன்று மாதம். அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தன. "வாரா வாரம் பார்ப்போம், அதற்கு மேல் இப்போது சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சீதை பக்கத்தில் இல்லை, கடல் வழிவிடுமா தெரியாது, பெருமாளே வெறும் புல்லை விரித்து மூன்று நாள் படுத்துக் கிடந்த இடம் இது. விளக்கொளியில் அந்தக் கிடந்த கோலத்தைப் பார்த்தபோது, அவருக்கே மூன்று நாள் என்றால் எனக்கு ஒரு வாரம் முடியாதா என்று தோன்றியது. அதன்பிறகு ஒன்பதாம் மாதத்தை நினைக்கவே இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்கேன் வரைக்கும் மட்டும் தாக்குப்பிடிக்க வேண்டும். அது முடிந்தால் அதற்கடுத்த செவ்வாய். இரத்தக்கசிவு வந்த இரவிலும் அப்படித்தான், விடியும்வரை மட்டும் என்று கிடந்தேன். படுக்கச் சொன்னால் படுத்தேன், வேலையை விடச் சொன்னால் விட்டேன். என்னை இழுத்துக்கொண்டு வந்தவர் அந்த ராமர்தான்.

பட்டர் தீபாராதனை காட்டினார். அத்தையின் ஈரப்புடவையிலிருந்து இன்னும் மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. குழந்தை தீபத்தைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

குழந்தைக்கு உடம்பு கதகதவென்று இருந்ததால் ராமேஸ்வரம் போகவில்லை. ராமநாதர் கூப்பிடும்போது போய்க்கொள்ளலாம். அத்தை அரசமரத்து நாகர்களைச் சுற்றி வந்து, பாயசத்தை விரல் நுனியில் தொட்டு பேத்தி நாக்கில் வைத்தார். சப்புக்கொட்டிவிட்டு இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தாள்.