நகர் நலச் சங்கம்: ரசீதும் மனுவும்

சென்னைப் புறநகர்களில் ஏறக்குறைய எல்லா நகர்களின் முகப்பிலும் ஒரு பலகை இருக்கும். நகரின் பெயர், ‘குடியிருப்போர் நலச் சங்கம்’, அடியில் பதிவு எண். பலகை இருக்கிற இடத்திலெல்லாம் சங்கமும் உயிரோடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒருவர் ஓய்வு பெறுகிறார், செயலாளர் ஆகிறார், நாலு வருடம் ஓடாய்த் தேய்கிறார். பிறகு முழங்கால் வலி வருகிறது, அல்லது மகன் வீட்டோடு போய்விடுகிறார். அத்துடன் சங்கமும் படுத்துவிடுகிறது. எந்த மனு எந்த அலுவலகத்தில் நிற்கிறது, யார் சந்தா பாக்கி, பூங்கா இடத்தின் வரைபடம் எங்கே என்பதெல்லாம் அவருடைய கைப்பேசியிலும் நினைவிலும் மட்டுமே இருந்ததுதான் காரணம். நலச் சங்கத்துக்குச் சுறுசுறுப்பான ஆள் தேவை. அதைவிட, ஆள் மாறினாலும் வேலை நிற்காதபடி எல்லாம் எழுத்தில் இருப்பது தேவை.

பதிவு செய்வது கடினமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கோளாறு தொடங்குவது துணை விதிகளில். பக்கத்து நகர் சங்கத்தின் விதிகளை வாங்கி, பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். சங்கத்தின் எல்லை எது என்பதே அதில் சரியாக இருக்காது. தெருப் பெயர்களையும் சர்வே எண்களையும் போட்டு எல்லையை எழுதிவிட்டால், கடைசித் தெரு யாருடையது என்று பின்னால் தகராறு வராது. வாடகைக்கு இருப்பவர்களை உறுப்பினராகச் சேர்ப்பதா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். சேர்ப்பதுதான் நியாயம். குப்பை வண்டி வராவிட்டால் அவதிப்படுவது அவர்களும்தான். சொத்து சம்பந்தமான தீர்மானங்களில் மட்டும் உரிமையாளருக்கு வாக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. நிர்வாகிகள் மாறினால் மூன்று மாதத்துக்குள் படிவம் 7-ஐப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் தணிக்கையான கணக்கும் போக வேண்டும். இதைத் தள்ளிப்போடும் சங்கங்களே அதிகம். தள்ளிப்போட்டதன் வலி உடனே தெரியாது. புதுப் பொருளாளரின் கையெழுத்தை மாற்ற வங்கிக்குப் போகும்போது, பதிவான படிவம் 7-இன் நகல் எங்கே என்று கேட்பார்கள். அது இல்லாமல் பணம் கணக்கிலேயே கிடக்கும், காவலருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

பண விஷயத்துக்கு வருவோம். 120 வீடு உள்ள ஒரு நகர், மாதச் சந்தா 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தாளில் 18,000 ரூபாய் வரும். நடைமுறையில் 80 வீடு ஒழுங்காகக் கொடுத்தாலே நல்ல நகர். அப்படியானால் கையில் வருவது 12,000 ரூபாய். இரவுக் காவலர் ஒருவரின் சம்பளத்துக்கே அது போதாது. ஆகவே செலவுத் திட்டத்தைக் கொடுக்கிற வீடுகளின் எண்ணிக்கையில் போட வேண்டும், இருக்கிற வீடுகளின் எண்ணிக்கையில் அல்ல. மாதாமாதம் வீடு வீடாக ஏறி இறங்குவது வசூலிப்பவரை ஒரே வருடத்தில் ஓட வைத்துவிடும். ஏப்ரலில் முழு வருடச் சந்தாவும் கட்டினால் பதினொரு மாதத் தொகை போதும் என்று அறிவித்தால், பாதிப் பேராவது ஒரே தடவையில் கட்டிவிடுவார்கள்.

ரசீது விஷயத்தில் எந்தச் சலுகையும் கூடாது. வாசலில் நடக்கிற சண்டைகளில் முக்கால்வாசி இப்படித்தான் தொடங்கும்: “போன மாசமே குடுத்தாச்சே சார்.” “யார்கிட்டம்மா குடுத்தீங்க?” “உங்காளுதான் வந்து வாங்கிட்டுப் போனாரு.” வரிசை எண் அச்சிட்ட, அடிக்கட்டை உள்ள ரசீதுப் புத்தகம் இருந்தால் இந்தப் பேச்சு அரை நிமிடத்தில் முடியும். பாழான ரசீதைக் கிழித்துப் போடாமல் ‘ரத்து’ என்று எழுதி அடிக்கட்டையோடு சேர்த்துப் பின் குத்தி வைக்க வேண்டும். எண் விட்டுப்போனால் தணிக்கையில் முதல் கேள்வி அதுதான்.

இப்போது பெரும்பாலும் யுபிஐ. பொருளாளரின் சொந்த எண்ணுக்குப் பணம் போடச் சொல்வது, அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், தவறு. சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே கியூஆர் அட்டை வாங்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பணம் வரும்போது அனுப்பியவரின் பெயர்தான் தெரியும். வெளியூரில் இருக்கும் மகளோ மருமகனோ அனுப்பியிருப்பார், எந்த வீடு என்றே புரியாது. குறிப்பில் கதவு எண்ணும் தெருவும் எழுதச் சொல்லி கியூஆர் அட்டையிலேயே அச்சிட்டுவிட்டால் பொருளாளருக்குப் பாதி வேலை மிச்சம்.

செலவுப் பக்கம், காசோலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து. கைரொக்கம் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. செலவுச் சீட்டு இல்லாத ஆட்டோக் கூலிக்குக்கூட ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கி ஒட்ட வேண்டும். சங்கத்தின் பெயரில் பான் அட்டை அவசியம். உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சந்தாவுக்கு வருமான வரி இல்லை என்ற தைரியத்தில் வைப்புநிதி வட்டியை மறந்துவிடுகிறார்கள். அந்த வட்டிக்கு வரிவிலக்கு பொருந்தாது என்று 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காலி மனைகள் தனித் தலைவலி. புதர், பாம்பு, கட்டட இடிபாடு எல்லாம் அங்கேதான். உரிமையாளர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம், கடைசியாக வாங்கியவர் பெயர் அதில் இருக்கும். பெயர் கிடைத்தால் அக்கம்பக்கத்தில் விசாரித்து ஆளைப் பிடித்துவிடலாம். பெரும்பாலானவர்கள் கேட்டதும் பாதிச் சந்தாவும் புதர் வெட்டும் கூலியும் கொடுத்துவிடுகிறார்கள். தங்கள் மனையை ஒருவர் கவனிக்கிறார் என்பது அவர்களுக்கும் நிம்மதி.

சங்கத்தின் உண்மையான தொழில் மனு எழுதுவது. இதில்தான் தேர்ச்சி வேண்டும். வழக்கமாக நடப்பது என்ன? சாலை, விளக்கு, வடிகால், கொசு, நாய், குடிநீர், பூங்கா என்று ஏழு கோரிக்கையை ஒரே தாளில் எழுதி, முப்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தத் தாள் ஒரு பிரிவின் மேசைக்குத்தான் போகும். மற்ற ஆறு கோரிக்கைகளும் அங்கேயே உறங்கிவிடும். ஒரு மனுவுக்கு ஒரு விஷயம், அதுவும் இப்படி: “பொருள்: 3-வது குறுக்குத் தெருவில் கதவு எண் 14 முதல் 22 வரை மழைநீர் வடிகாலில் மண் அகற்றக் கோருதல். பார்வை: எமது முந்தைய மனு, நாள் இது.” கீழே இரண்டு பத்தி போதும். எங்கே அடைப்பு, மழை பெய்தால் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று மட்டும். தேதியோடு இரண்டு புகைப்படம். சங்க முத்திரை. இரண்டு பிரதி கொண்டுபோய், தபால் பிரிவில் கொடுத்து, நம் பிரதியில் பெறப்பட்ட முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். பொறியாளரின் கையில் நேரே கொடுத்தால் மரியாதையாகத்தான் வாங்கிக்கொள்வார். அவர் மாற்றலாகிப் போகும்போது அந்த மனுவுக்குச் சாட்சியே இருக்காது.

தெருவிளக்குப் புகாருக்கும் இதே கணக்கு. ‘எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை’ என்றால் வருகிற ஆள் எந்தக் கம்பம் என்று தேடிவிட்டுப் போய்விடுவார். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் எதிர்வீட்டுக் கதவு எண்ணையும் சொல்ல வேண்டும். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா, வரிசையாக நாலைந்து எரியவில்லையா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. ஒன்று மட்டும் என்றால் விளக்கு அல்லது அதன் பொருத்தியில் கோளாறு. வரிசையாக என்றால் ஸ்விட்ச் பெட்டியிலோ கேபிளிலோ கோளாறு, அதற்கு வேறு ஆட்கள் வர வேண்டும். சென்னையில் தெருவிளக்கு மாநகராட்சியைச் சேர்ந்தது, 1913 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் விநியோகப் பெட்டி) கதவு திறந்து கிடப்பதும் தாழ்வாகத் தொங்கும் கம்பியும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை, அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாற்றிச் சொன்னால் ஒரு வாரம் வீண். புகார் எண்ணை நாள்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த மனுவின் ‘பார்வை’ தானாகவே கிடைத்துவிடும்.

மனுக்கள் பலிக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சட்டம் குடிமக்களுக்கு உரிமை தருகிறது, சங்கத்துக்கு அல்ல. ஆகவே செயலாளர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்திட வேண்டும். ‘ஏன் சாலை போடவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சாலைக்கான மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள் என்று ஆவணமாகக் கேட்க வேண்டும்.

சாலை போடுவது சங்கத்துக்கு வெற்றியாகத் தெரியும். ஆனால் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் மூன்று நாலு சென்டிமீட்டர் உயர்ந்து, நாலு முறையில் வீடுகள் பள்ளத்துக்குள் போய்விடும். பழைய தளத்தை அகழ்ந்தெடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று அரசே அறிவுறுத்தியிருக்கிறது. எழுத்தில் இருப்பது இரவு பதினொரு மணிக்கு இயந்திரம் வரும்போது நடக்கிறதா என்பதைப் பார்க்க, சங்கத்திலிருந்து இரண்டு பேர் அங்கே நிற்க வேண்டும். வேலைக்கு முன்பே தெருவில் மூன்று நான்கு வீட்டுச் சுற்றுச்சுவரில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, கோட்டிலிருந்து சாலை வரை டேப் வைத்து அளந்து, தேதியோடு எழுதிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி அளந்தால் வாதமே தேவைப்படாது. இன்னொன்று: சாலைக்கு மனு போடும் முன் கழிவுநீர் இணைப்பு, குடிநீர்க் குழாய், மின் கேபிள் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று அந்தந்த அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். புதுச் சாலையை மறுமாதமே வெட்டுவதைப் பார்க்கும் வயிற்றெரிச்சல் சொல்லி மாளாது.

வடிகால் தூர்வாருவது செப்டம்பருக்குள் முடிய வேண்டும், அக்டோபர் நடுவிலேயே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். எடுத்த மண்ணைக் கரையிலேயே குவித்து வைப்பதுதான் பெரும் பிழை. காயட்டும் என்பார்கள், அதற்குள் ஒரு மழை அதை மறுபடி உள்ளே தள்ளிவிடும். மண்ணை அள்ளிப்போகும் வண்டிக்கும் நாள் குறித்துக் கேட்டு வாங்க வேண்டும். மழைநீர் வடிகாலில் கழிவுநீரைத் திருப்பிவிட்டிருப்பது பல நேரம் நம் உறுப்பினர்களேதான். அவர்களிடம் பேசாமல் கொசுவுக்கு மனு கொடுப்பதில் பயனில்லை. பொதுக்கூட்டத்தில் பெயர் சொல்லாமல், வீட்டில் போய் இருவர் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

பூங்கா இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், இழந்தால் திரும்பக் கிடைக்காத சொத்து அது ஒன்றுதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்குக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் ‘பூங்கா’ என்று இருந்தும் பத்திரம் எழுதப்படாமலே போன பழைய மனைப்பிரிவுகள் இருக்கின்றன. அங்கேதான் இருபது வருடம் கழித்து ஒருவர் கிரயப் பத்திரத்தோடு வந்து வேலி போடுகிறார். சங்கம் தொடங்கிய முதல் வருடமே சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் அனுமதி பெற்ற வரைபடத்தின் சான்றிட்ட நகலையும், சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திர நகலையும் வாங்கிவிட வேண்டும். பத்திரம் இல்லை என்று தெரிந்தால் அன்றே மாநகராட்சிக்கு எழுத வேண்டும். கோயிலோ சங்கக் கட்டடமோ அந்த இடத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று எழும் ஆசைக்குச் சங்கம் இடம் கொடுக்கக் கூடாது. நாமே விதியை மீறிய இடத்தில் அடுத்தவரின் ஆக்கிரமிப்பைத் தட்டிக்கேட்க முடியாது.

நாய் விஷயத்தில் இரண்டு தரப்பும் கொதித்துக்கொண்டே இருப்பார்கள். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், உணவிடும் இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குசெய்யும் பொறுப்பை நலச் சங்கத்தின் மேலேயே வைத்திருக்கின்றன. பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் தள்ளி ஓரிடம் குறித்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கும்.

கேமரா வைக்க எல்லோரும் ஆசைப்படுவார்கள், பராமரிக்க ஆள் இருக்காது. இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று, விநாடிக்கு இரண்டு மெகாபிட் வேகத்தில் பதிந்தால், ஒரு நாளுக்குச் சுமார் 21.6 ஜிபி பிடிக்கும். நாலு கேமராவுக்கு 86 ஜிபி. ஒரு டிபி வட்டில் பதினொரு நாள்தான் நிற்கும். முப்பது நாள் பதிவு வேண்டுமானால் மூன்று டிபியாவது போட வேண்டும். பெரும்பாலும் கெடுவது கேமரா அல்ல, அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரும் மழைநீர் இறங்கிய இணைப்பும்தான். பதிவுப் பெட்டியின் கடிகாரம் தப்பாக ஓடினால், திருட்டு நடந்த நேரத்தைத் தேடும்போது எதுவும் கிடைக்காது. மாதம் ஒரு நாள் ஒருவர் உட்கார்ந்து முந்தின வாரத்துக் காட்சியை ஓட்டிப் பார்த்தால் போதும்.

பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்னதாக அறிவிப்பு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, தீர்மானப் புத்தகத்தில் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், தொகை. ‘காவலருக்குச் சம்பளம் உயர்த்துவது’ என்று எழுதினால் போதாது. எவ்வளவிலிருந்து எவ்வளவு, எந்தத் தேதி முதல் என்று இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு இரண்டு வேண்டும்: நிர்வாகிகள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்று, பேசிக்கொள்ள மற்றொன்று. குழுவில் எடுத்த முடிவு முடிவே அல்ல, புத்தகத்தில் ஏறினால்தான் முடிவு. நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் முதல் நடக்கும் பகுதி சபைக் கூட்டங்களுக்குச் சங்கம் முத்திரையிட்ட மனு நகல்களோடு போனால் பேச்சு உடனே விஷயத்துக்கு வரும்.

நிர்வாகம் கைமாறும் நாளில் பதிவுச் சான்றிதழ், துணை விதிகள், பான் அட்டை, தீர்மானப் புத்தகம், மனுக் கோப்பு, வரைபடம், பயன்படுத்திய ரசீதுப் புத்தகங்கள், புதிய புத்தகங்கள் எந்த எண் முதல் எந்த எண் வரை, கேமராவின் கடவுச்சொல், மின்னஞ்சலின் கடவுச்சொல் எல்லாவற்றையும் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பலரும் மறப்பது வங்கியில் பதிவான கைப்பேசி எண். அது பழைய பொருளாளருடையதாகவே இருந்தால், ஒவ்வொரு ஓடிபிக்கும் அவருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். சங்கத்தின் பேரில் தனி சிம் ஒன்று வாங்கி, அதையும் பட்டியலில் சேர்த்து, எண் மாற்றும் விண்ணப்பத்தில் பழைய நிர்வாகிகளின் கையெழுத்தைத் தேர்தல் முடிந்த கூட்டத்திலேயே வாங்கிவிட வேண்டும்.