என்ன கேட்டு ஜெபிப்பது?

மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து சிறுநீரகம் வேண்டிக் காத்திருப்பவன் என்ன கேட்டு ஜெபிப்பான்? எங்கள் சபையின் ஜெபக்குறிப்புத் தாளில் என் பெயருக்கு நேரே ‘சீக்கிரம் கிட்னி கிடைக்க’ என்று அச்சடித்திருந்தார்கள். அன்பாகத்தான் போட்டார்கள். எனக்குத்தான் ஆமென் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அது கிடைக்க வேண்டுமென்றால், ஓ குரூப் ரத்தம் உள்ள யாரோ ஒருவர் சென்னை ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் ஹெல்மெட் இல்லாமல் விழ வேண்டும். அதையா ஆண்டவரிடம் கேட்பது?

2019இல் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. முதலில் வீட்டுக்குள்தான் பார்த்தோம். மனைவிக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறவள் என்றதும் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். அண்ணனுக்கு ரத்த வகை சேரவில்லை. அதற்கப்புறம்தான் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியல். நாமே போய்ப் பெயர் கொடுக்க முடியாது, மருத்துவமனை வழியாகத்தான் பதிவு. அதற்கு முன் எக்கோ, ஸ்கேன், காசநோய் பரிசோதனை, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி என்று அலைச்சல். பல் டாக்டர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். கிட்னிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மாற்றிய பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைப்பார்களாம். அப்போது ஒரு சொத்தைப் பல் போதும், கிருமி உடம்பெல்லாம் பரவிவிடும் என்று நர்ஸ் விளக்கினார்.

பெயர் பதிவானதும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. செல்போன் எப்போதும் கையில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் சில மணி நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குக்கூடத் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்குப் போக முடியவில்லை. பட்டியல் ஒருபக்கம் இருக்க, திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். 2020 ஊரடங்கில் டயாலிசிஸ் சீட்டைக் காட்டித்தான் போலீஸ் தடுப்பைத் தாண்டினோம்.

டயாலிசிஸ் வாழ்க்கையில் ஊசியை விடக் கொடுமை தாகம். எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று அளவு. காபி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். காலையில் மனைவி ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவாள். நான் எது குடித்தாலும் அதே அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவாள். பெரம்பூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. கத்திரி வெயிலில் அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்த பிறகுதான் தாளிக்கலாம். இவற்றில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் அதிகம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம்.

டயாலிசிஸ் ஊசி போட இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள். ரத்தக்குழாய் இரண்டை இணைத்துத் தைத்த இடம். அதன்மேல் விரல் வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுவிட்டால் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும். தினமும் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். அதிர்வு இருந்தால் ஸ்தோத்திரம். அந்த நாட்களில் காலை ஜெபம் என்று எனக்கு இருந்தது அவ்வளவுதான்.

மெஷினில் படுத்திருக்கும்போது ஒரு கையால் பைபிளைப் புரட்டி யாத்திராகமம் 16ஐத் திரும்பத் திரும்பப் படித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற அப்பம் கிடைத்த கதை. தலைக்கு ஒரு ஓமர் அளவு மன்னா, அதுவும் அன்றன்றைக்கு மட்டும். மிச்சம் வைத்தால் புழு. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு. எனக்கு நேர்மாறு. வெள்ளிக்கிழமை முடிந்தால் அடுத்தது திங்கள்தான். அந்த இடைவெளியில் தண்ணீரை இன்னும் குறைக்க வேண்டும். ஆண்டு முடிவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் எல்லாம் ‘பெருகப்பண்ணுவேன்’, ‘உயர்த்துவேன்’ என்றுதான் வரும். ‘அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்’ என்பதை யாரும் அட்டையில் அடித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஜெபக்குழுவில் ஒரு அண்ணன் வீட்டுக்கே வந்து கேட்டார்: “தம்பி, நீங்க மெஷினை நம்புறீங்களா, ஆண்டவரை நம்புறீங்களா? முழுசா விட்டுக்குடுத்துப் பாருங்க.” அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர் இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு வராமல் இருந்து, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்தவன் நான். விசுவாசத்தின் பெயரால் நோயாளிக்கு இப்படி ஆலோசனை சொல்பவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

எங்கள் ஆயரிடம் என் சங்கடத்தைச் சொன்னேன். அவர் வசனம் எதுவும் எடுத்துவிடவில்லை. “தெரியலப்பா. நானும் யோசிக்கிறேன்” என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் நானாகவே ஒரு பழக்கத்துக்கு வந்தேன். பெரம்பூர் மேம்பாலத்தில் 108 சைரன் கேட்டால், உள்ளே இருப்பவர் பிழைத்து வீடு திரும்ப வேண்டும் என்று ஜெபிப்பேன். முதலில் ஒப்புக்குத்தான் வந்தது. எனக்கு வர வேண்டியதை நானே தள்ளிப்போடுகிறேனோ என்றுகூடத் தோன்றியது. போகப் போக மனசார வந்தது. ஆண்டவரை முழுதாய் நம்புவது எப்படி என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்குப் பிடிபட்டது இந்த இடத்தில்தான். அவர் பிழைக்கட்டும் என்று உண்மையாகக் கேட்டுவிட்டு, என் கணக்கை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது. அதற்கு மேல் யோசித்தால் தூக்கம் போய்விடும்.

2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தானம் கொடுத்தார்கள். போலீஸ் வழி ஒதுக்க, சென்னைச் சாலையில் அந்த இதயம் ஒரு சிறுமிக்காகப் போனது. அப்போது அதைச் செய்தியாகத்தான் படித்தேன். பட்டியலில் பெயர் வந்த பிறகு அந்தத் தாய் தகப்பனை அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

முதல் அழைப்பு நள்ளிரவில் வந்தது. “எதுவும் சாப்பிடாம வாங்க, ஆனா நீங்க மட்டும் இல்ல” என்றார் கோஆர்டினேட்டர். ஒரு சிறுநீரகத்துக்கு வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் சிலரைக் கூப்பிட்டு, கொடுத்தவரின் அணுக்களோடு ரத்தம் ஒத்துப்போகிறதா என்று கிராஸ்மேட்ச் பார்ப்பார்கள். முடிவு வரச் சில மணி நேரம் ஆகும். எனக்கு பாசிட்டிவ். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒத்துவராது என்று அர்த்தம். கிடைத்தவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். பொறாமை வரவில்லை என்று எழுதினால் பொய். வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்தேன். மறுநாள் டயாலிசிஸ், வழக்கம்போலப் போனேன்.

அடுத்து 2023 கடைசியில் ஒரு மத்தியானம், பாரிமுனையில் ஆபீஸில் இருந்தபோது கூப்பிட்டார்கள். இந்தத் தடவை நெகட்டிவ். பழைய சிறுநீரகங்களைப் பொதுவாக எடுக்க மாட்டார்கள். புதியதை அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்துத் தைத்தார்கள். கண் விழித்தபோது கட்டிலோரப் பையில் மூத்திரம் இறங்குவதைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்து மனைவி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொடுத்தவர் யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். அந்த வருஷம் செப்டம்பரில்தான் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று அறிவித்திருந்தார்கள். அப்படியான செய்தியைப் பார்த்தால் தேதியை ஒருமுறை கவனிப்பேன். ஆராய்ச்சி செய்வதில்லை.

மாஸ்க்கோடு கோயிலுக்குப் போன முதல் ஞாயிறு, சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ‘கர்த்தர் எனக்காக ஆயத்தம் பண்ணினார்’ என்று ஆரம்பித்தால் எல்லாரும் அல்லேலூயா சொல்வார்கள். அதே வாரம் ஒரு வீட்டில் அழுதுகொண்டிருந்தார்களே, அவர்களுக்கு என்ன ஆயத்தம் பண்ணினார் என்று என்னால் சொல்ல முடியாது. நன்றி சொன்னேன். அந்தக் குடும்பத்துக்காக எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்போமா என்று கேட்டேன். நின்றார்கள். சாட்சின்னா இன்னும் சந்தோஷமா சொல்லியிருக்கலாம் என்று வெளியே ஒரு பெரியம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

இப்போது காலை எட்டு, இரவு எட்டு டாக்ரோலிமஸ், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை. ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரையைப் போட வேண்டும். புதிதாக மாற்றியவர்கள் இதை மறந்துவிடாதீர்கள், அளவு தப்பாகக் காட்டும். மாற்றிய சிறுநீரகமும் ஆயுளுக்கும் ஓடும் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் கொஞ்சம் ஏறினால் மனைவி முகம் வாடிவிடுகிறது. நின்றுபோனால் திரும்ப மெஷின், திரும்பப் பட்டியல் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்கிறாள். சரி என்று விட்டுவிட்டேன்.