மாமாவுக்குத் தனிக் கட்டம்

ஐரோப்பிய மொழிகளின் உறவுப்பெயர்களை நோட்டில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது.

முதல் நாள் 'அங்கிள்' என்று ஒரே கட்டம்தான் போட்டேன். லத்தீனுக்கு வந்ததும் அது போதவில்லை. அங்கே அப்பாவுடன் பிறந்தவர் 'பத்ருஸ்', அம்மாவுடன் பிறந்தவர் 'அவுங்குலுஸ்'. பக்கத்தையே கிழித்துவிட்டு, பெரியப்பா சித்தப்பாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டேன்.

அவுங்குலுஸ் என்ற சொல்லிலேயே இரண்டு நாள் நின்றுவிட்டேன். 'அவுஸ்' என்றால் தாத்தா. அவுங்குலுஸ் என்றால் குட்டித் தாத்தா. தாய்மாமனுக்கு எவ்வளவு வாஞ்சையான பெயர்! அதுதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'அங்கிள்' ஆனது. ஆக, நாம் எல்லோரையும் கூப்பிடும் அங்கிள், பிறப்பில் தாய்மாமன். பத்ருஸ் பிரெஞ்சில் தங்கவே இல்லை.

பழைய ஆங்கிலத்திலும் மாமாவுக்கு 'ஏயாம்', சித்தப்பாவுக்கு 'ஃபாதெரா' என்று வேறு வேறு சொற்கள் இருந்திருக்கின்றன. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன. கடைசியில் இரண்டு இடத்திலும் அங்கிள் உட்கார்ந்துகொண்டது. ஜெர்மனில் 'ஃபெட்டர்' என்ற சொல் முன்பு அப்பாவின் சகோதரரைக் குறித்தது, இன்று பெரியப்பா மகனையும் மாமா மகனையும் குறிக்கிறது. அதற்கு ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போட வேண்டியிருந்தது.

ஸ்வீடிஷ் ஒரே மாலையில் முடிந்தது. 'ஃபார்' அப்பா, 'மூர்' அம்மா, 'ப்ரூர்' சகோதரன். ஃபார்ப்ரூர் என்றால் சித்தப்பாவோ பெரியப்பாவோ, மூர்ப்ரூர் என்றால் மாமா. அம்மாவைப் பெற்ற பாட்டி 'மூர்மூர்'. வாய்விட்டுச் சொன்னாலே உறவு விளங்கிவிடுகிறது. போலிஷில் 'ஸ்திரிய்' சித்தப்பா, 'வுய்' மாமா. ஆனால் இப்போது பேச்சில் இருவருமே பெரும்பாலும் 'வுயெக்'தான். ஸ்திரிய் என்று எழுதும்போது மனசு கொஞ்சம் கனத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கிரேக்க 'அதெல்ஃபோஸ்'. 'தெல்ஃபிஸ்' என்றால் கருப்பை. ஒரே கருப்பையில் பிறந்தவன் சகோதரன். சமஸ்கிருதத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'சகோதரன்' என்பதும் ஒரே வயிற்றில் பிறந்தவன்தானே! இரண்டையும் அருகருகே எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அடுத்தது ஹங்கேரியன். அதில் அக்கா 'நோவேர்', தங்கை 'ஹூக்'. இதுவரை சகோதரிக்கு ஒரே கட்டம்தான் வைத்திருந்தேன். சரி, இன்று காலை ஸ்கேல் வைத்து அதையும் இரண்டாகப் பிரித்துவிட்டேன்.